நான்காவதாக வந்தவர்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகளுக்கு இடமில்லை. அந்த நேரத்தை நம்பி இருட்டோடு இருட்டாக வந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டூப்ளே சிலையில் தொடங்கி, காந்தி சிலையைக் கடந்து, வடக்குக் கோடி வரை ஓடித் திரும்புவார்கள். தொந்தி கரைக்க நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலேயே தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். காவலர் தேர்வு, ராணுவம், ரயில்வே, கல்லூரியில் ஒரு இடம் என்று ஒவ்வொருவர் ஓட்டத்தின் முடிவிலும் ஒரு விண்ணப்பப் படிவம் காத்திருக்கிறது.

அவர்களில் ஒருவன் எங்கள் தெருப் பையன். 800 மீட்டர் ஓடுகிறவன். போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து, "மாமா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று ஓர் இருமல் மருந்துப் புட்டியை நீட்டினான். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தது. மூடி இன்னும் திறக்கப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு அட்டையில் பெரிய எழுத்தில் மருந்தின் பெயர். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் மூன்று வரி. முதல் வரியிலேயே இருந்தது: டெர்புடலின் சல்பேட்.

"இத நீ குடிக்கக் கூடாதுப்பா" என்றேன்.

"இருமல் மருந்துதானே மாமா?"

ஆமாம், இருமல் மருந்துதான். நெஞ்சுச்சளியும் இழுப்பும் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைத் தளர்த்திவிடும் நல்ல மருந்து. ஆனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் எல்லா நாளும் தடை செய்யப்பட்ட வகையில் அது இருக்கிறது. பிரித்வி ஷாவை அவனுக்கு நினைவுபடுத்தினேன். 2018இல் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே சதம் அடித்த பிள்ளை. 2019 பிப்ரவரியில் இந்தூரில் சையத் முஷ்டாக் அலி கோப்பை ஆட்டத்தின்போது கொடுத்த சிறுநீரில் டெர்புடலின் இருந்தது. இருமல் மருந்து குடித்தேன் என்றார். கிரிக்கெட் வாரியமும் அதை நம்பியது. நம்பியும் எட்டு மாதத் தடை விதித்தது. அவருக்கு முன்பு யூசுப் பதானுக்கும் இதே பொருளால் ஐந்து மாதத் தடை. உடம்புக்குள் எது போனாலும், எப்படிப் போனாலும், பொறுப்பு ஆட்டக்காரருடையது என்பதுதான் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின் அடிப்படை. ஏமாற்ற நினைத்தாரா இல்லையா என்பது தண்டனையின் அளவைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

பையன் விடவில்லை. "இதக் குடிச்சா வேகமா ஓட முடியுமா?" இந்த அளவுக்கு முடியாது என்றேன். "அப்புறம் எதுக்குத் தடை?"

அன்றைக்கு நான் ஏதோ சொல்லி அனுப்பினேன். அது சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மருந்திலிருந்து உடம்புக்கும், உடம்பிலிருந்து ஆட்டத்துக்கும், ஆட்டத்திலிருந்து அதை நம்பி வாழ்கிறவர்களுக்கும் படிப்படியாகப் போக வேண்டும்.

ஊக்கமருந்தின் கதையில் முதல் இடம் மொரீஷியஸ். 1730களில் அந்தத் தீவின் ஆளுநரான லபூர்தொனே, போர்ட் லூயிஸ் துறைமுக நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோனார். நம்மவர்கள் கட்டிய அந்த ஊரில் 1817இல் பிறந்தவர் ஷார்ல் பிரௌன்-செக்கார். பாரிசுக்குப் போய்ப் பெரிய உடலியல் அறிஞர் ஆனார். 1889 ஜூன் 1 அன்று, 72 வயதில், பாரிஸ் உயிரியல் சங்கத்தில் எழுந்து நின்று ஒரு செய்தி சொன்னார்: நாயின் விதைப்பையையும் கினிப் பன்றியின் விதைப்பையையும் அரைத்து, வடிகட்டி, தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டதாகவும், தளர்ந்த உடம்புக்கு இளமைத் தெம்பு திரும்பிவிட்டதாகவும். கைப்பிடியின் வலுவைக் கருவியில் அளந்து கணக்கும் காட்டினார்.

செய்தி கடலைத் தாண்ட இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியில் பந்து வீசிக்கொண்டிருந்த பட் கால்வின், ஒரு மருத்துவக் கல்லூரியில் இந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் அணியை 9–0 என்று தோற்கடித்தார். பத்திரிகைகள் மருந்தைப் பாராட்டி எழுதின. தடை என்ற பேச்சே அப்போது இல்லை. பேஸ்பாலில் முதன்முதலாக 300 ஆட்டங்களை வென்ற வீச்சாளர் அவர்தான்.

அந்த ஊசியில் உண்மையில் ஒன்றுமே இல்லை. விதைப்பை ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை. சுரந்ததும் ரத்தத்துக்கு அனுப்பிவிடும். போதாததற்கு அந்த ஹார்மோன் தண்ணீரில் கரையாது. 1935இல் அதைப் பிரித்தெடுத்த ஆய்வாளர்கள் 100 கிலோ காளை விதைப்பையிலிருந்து 10 மில்லிகிராம்தான் பெற்றார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். ஆக, கால்வினை அன்று ஜெயிக்க வைத்தது அவர் மனசு. ஊசியும் ஆசையும் ஒன்றாகச் சேர்ந்தால் மனிதன் எதையும் நம்புவான் என்பதை இந்த முதல் சம்பவமே காட்டிவிட்டது. இன்றைக்கும் நம் ஊர் ஜிம்களில் 'கோர்ஸ்' போடும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. மாஸ்டர் சொன்னார் என்பார்கள்.

ஆனால் 1935க்குப் பிறகு வந்தது வெறும் நம்பிக்கை அல்ல. ஆய்வகத்தில் செய்த டெஸ்டோஸ்டிரோனும், நாண்ட்ரோலோன், மெட்டாண்டினோன் போன்ற அதன் வாரிசுகளும் தசையின் செல்லுக்குள் போய்ப் புரதத்தைக் கட்டும் வேலையை முடுக்கிவிடுகின்றன. இவை விளையாட்டில் பயன்படாது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கண்ணெதிரே பலனைப் பார்த்த ஆட்டக்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்டு, மருத்துவர்கள் சொன்ன மற்ற எச்சரிக்கைகளையும் நம்பாமல் போனதுதான் மிச்சம். 1996இல் சலேந்தர் பாசின் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் அமெரிக்காவில் முறையாகச் சோதித்தார். 43 ஆண்கள், பத்து வாரம், வாரம் 600 மில்லிகிராம் அல்லது வெற்று ஊசி. எடை தூக்கி ஊசியும் போட்டவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை சுமார் 6 கிலோ கூடியது. ஊசி மட்டும் போட்டு உடற்பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்குச் சுமார் 3 கிலோ. வெற்று ஊசியோடு வியர்வை சிந்திப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ.

இந்தக் கடைசி இரண்டு எண்களையும் நான் பலமுறை எதிரெதிரே வைத்துப் பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தவன் ஊசியின் பலத்தில், பத்து வாரம் உழைத்தவனை முந்திவிட்டான். எந்தப் பயிற்சியாளரின் காலில் விழுந்து கற்றாலும், விடியலில் எவ்வளவு தூரம் ஓடினாலும், அந்த இடைவெளியை உழைப்பால் நிரப்ப முடியாது.

உடம்பு இதற்கு ஒரு விலை கேட்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைப் பார்த்ததும் மூளையடிச் சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடும், விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று வந்து நிற்கும் கட்டுமஸ்தான இளைஞர்களிடம் முதலில் ஜிம் பழக்கத்தைக் கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்குக் குரல் தடிக்கும், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. இதயச் சுவர் தடிப்பதும் ஈரல் கெடுவதும் மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கும்.

சரி, தசை கூடினால் ஆட்டம் எவ்வளவு மாறும்? பேஸ்பாலில் இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ரோஜர் டோபின் 2008இல் போட்டது. தசை 10 விழுக்காடு கூடினால் மட்டை சுழலும் வேகம் ஏறக்குறைய 5 விழுக்காடு கூடும். பந்து பறக்கும் வேகம் 4 விழுக்காடு. கேட்பதற்கு அற்பம். ஆனால் வேலிக்கு அப்பால் விழும் ஹோம் ரன்கள் 50 விழுக்காடோ அதற்கு மேலுமோ கூடிவிடும். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். எல்லைக் கயிற்றுக்கு ஒரு முழம் உள்ளே பிடிபடும் பந்துகளை எண்ணிப் பாருங்கள். அவை எல்லாம் இரண்டு முழம் தள்ளி விழுந்தால், சுமாரான மட்டையாளர் நட்சத்திரமாகிவிடுவார். உச்சியில் இருப்பவர்களுக்கு இடையே வித்தியாசம் எப்போதும் மயிரிழைதான். மருந்து அந்த மயிரிழையில்தான் வேலை செய்கிறது.

1998 கோடையில் அமெரிக்காவே இந்த ஹோம் ரன்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு பருவத்தில் 61 என்ற ரோஜர் மாரிஸின் எண்ணிக்கை 1961 முதல் அசையாமல் இருந்தது. மார்க் மெக்வையர் 70 அடித்தார், சாமி சோசா 66. நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தாகி, கோபித்துக்கொண்டு போயிருந்த ரசிகர்கள் அரங்குக்குத் திரும்பினார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு செய்தியாளர் மெக்வையரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டினிடயோன் புட்டியைப் பார்த்து எழுதினார். உடம்புக்குள் போனால் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் பொருள் அது. ஒலிம்பிக்கில் தடை, பேஸ்பாலில் தடை இல்லை. எழுதியவர் மீதுதான் பலருக்கும் கோபம் வந்தது. கூட்டம் திரும்பிவிட்டது, பணம் வந்துவிட்டது, யாருக்கும் கேள்வி கேட்க மனமில்லை. மெக்வையர் தான் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டது 2010 ஜனவரியில். 2001இல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்தார். 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்சல் கொடுத்த 409 பக்க அறிக்கையில் 89 ஆட்டக்காரர்களின் பெயர் இருந்தது.

அந்த 89 பேரில் ஒருவர் டான் நால்டி. பாண்ட்ஸ் அளவுக்கு யாருக்கும் தெரியாத பெயர். எனக்கு இந்த முழு விவகாரத்திலும் முக்கியமான மனிதர் அவர்தான். 1994இல் புளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் என்ற ஊரின் கீழ்மட்ட அணியில் அவரும் இன்னும் மூன்று வீச்சாளர்களும் ஒன்றாக இருந்தார்கள். நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே திறமை, ஒரே பேருந்துப் பயணம். மேல்மட்ட லீகுக்குப் போகும் ஆசையும் ஒன்றுதான். நால்டி ஸ்டீராய்டு எடுத்தார். சுமார் 82 கிலோ இருந்த உடம்பு 112 கிலோ ஆயிற்று. மணிக்கு 140 கிலோமீட்டரில் வந்த பந்து 154ஐத் தொட்டது. நால்வரில் அவர் மட்டும் மேலே போனார்; 1999இல் யாங்கீஸ் அணியில் உலகத் தொடரை வென்றவர்களில் ஒருவர் ஆனார். மற்ற மூவரும் மருந்தைத் தொடவில்லை. கீழ்மட்ட அணிகளிலேயே ஆடி ஓய்ந்து, வேறு வேலைக்குப் போனார்கள். 2012இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை இந்த நால்வரின் கதையையும் சேர்த்து எழுதியது. தான் அடுத்தவன் இடத்தை எடுத்துக்கொண்டதை நால்டி மறைக்கவில்லை.

பேஸ்பால் விவாதங்களில் சாதனைப் புத்தகத்தின் புனிதம் பற்றித்தான் பேச்சு அதிகம். பாண்ட்ஸைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று பத்து ஆண்டு வாக்கெடுப்பு நடந்தது. 75 விழுக்காடு வேண்டும், 2022இன் கடைசி வாக்கில் அவருக்கு 66தான் கிடைத்தது. அது இருக்கட்டும். எண்களைத் திருத்தலாம், பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதலாம். ஃபோர்ட் மையர்ஸில் நின்றுவிட்ட அந்த மூன்று பேருக்கும் 24ஆவது வயதைத் திருப்பிக் கொடுக்க எந்த வாக்கெடுப்பாலும் முடியாது.

1998ஆம் ஆண்டு பிரான்சிலும் ஒரு கதவு திறந்தது. ஜூலை 12 அன்று பிரேசிலை 3–0 என்று வென்று பிரான்ஸ் உலகக் கால்பந்துக் கோப்பையை எடுத்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, பெல்ஜியம் எல்லையில் ஃபெஸ்டினா மிதிவண்டி அணியின் உதவியாளர் வில்லி வோட் ஓட்டிவந்த காரைச் சுங்கத்துறை நிறுத்தியது. வண்டி நிறைய ஊக்கமருந்து. துர் தெ பிரான்ஸ் பந்தயமே ஆட்டம் கண்டது. ஓட்டுநர்களின் விடுதி அறைகளில் போலீஸ் புகுந்தது. அதன் விளைவாகத்தான் 1999 நவம்பரில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிறந்தது. போலீஸுக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது என்றால், பிரான்ஸ் 1965 ஜூன் 1 அன்றே இதற்குச் சட்டம் போட்டிருந்தது. அன்னபூர்ணா சிகரம் ஏறிய மொரிஸ் எர்சோகின் பெயரால் அழைக்கப்படும் சட்டம்.   அந்தச் சட்டம் முதலில் மருந்து எடுத்த வீரரையே குற்றவாளியாக நிறுத்தியது. 1989இல் அதைத் திருத்தி, வீரரை விளையாட்டுத் தடையோடு விட்டுவிட்டு, மருந்தைக் கொடுக்கிறவர், விற்கிறவர் பக்கம் போலீஸைத் திருப்பினார்கள். என் அபிப்பிராயத்தில் அதுதான் சரி. நம் நாட்டில் 2022இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி பதக்கம் பறிக்கலாம், தடை போடலாம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெயர் செய்தித்தாளில் வருகிறது. அவளுக்கு மாத்திரை கொடுத்தவர் பெயர் எங்கே வருகிறது?

செய்தித்தாளில் அப்படி வந்த பெண்களின் பெயர்களில் நமக்கு மிக நெருக்கமானவை இரண்டு, இரண்டுமே திருச்சிப் பக்கம். முடிகண்டம் கிராமத்து கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். கடைசி நூறு மீட்டரில் அவர் முன்னேறி வந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தமிழ்நாடே பூரித்தது. ஒரு மாதம் போகவில்லை, நாண்ட்ரோலோன் என்ற செய்தி வந்தது. நான்கு ஆண்டுத் தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். இதில் என்னை உறுத்துவது தேதிகள். மார்ச் 18 அன்று பட்டியாலாவில் எடுத்த மாதிரியிலேயே மருந்து இருந்திருக்கிறது. அதன் முடிவு நேரத்தோடு வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார். ஒரு நாட்டின் முன்னால் ஏற்றி வைத்து இறக்கியிருக்க வேண்டாம். அவருக்குப் பின்னால் 2:02.96இல் வந்த சீனப் பெண் வாங் சுன்யு, மேடையின் உச்சியில் நின்று தன் நாட்டுப் பாடலைக் கேட்டிருப்பார். தங்கம் அவர் கணக்குக்குப் போனது. அந்தச் சாயங்காலம் போகவில்லை.

இன்னொருவர் தனலட்சுமி சேகர். 2021இல் கூட்டமைப்புக் கோப்பையின் 200 மீட்டர் தகுதி ஓட்டத்தை 23.26 விநாடியில் ஓடி, பி.டி. உஷா 1998இல் வைத்த 23.30 என்ற போட்டிச் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டு, வெளிநாட்டுப் பயிற்சியின்போது எடுத்த மாதிரியில் மெட்டாண்டினோன். மூன்று ஆண்டுத் தடை. 2021 ஓட்டத்தில் எந்தத் தவறும் நிரூபிக்கப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்த 23.26ஐ இப்போது எழுதும்போது என் கை ஒரு கணம் தயங்குகிறது. பிறகு வரும் ஒரு புட்டி, முன்பு ஓடிய நேர்மையான ஓட்டத்தின் மீதும் நிழலைப் போட்டுவிடுகிறது.

உஷாவின் ஊரான பய்யோளி நம் மாஹேவுக்குச் சற்றுத் தெற்கே. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தவர் அவர். நான்காவது இடம் என்றால் என்ன என்பதை இந்தியாவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது.

அமெரிக்காவில் ஸ்டீராய்டுக்குப் பின்னால் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம் இருந்தது. நம் ஊரில் அதற்குப் பின்னால் இருப்பது ஒரு சான்றிதழ். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் கிடைக்கும் ஒரு தாள். அது கல்லூரிக் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டைத் திறக்கும். தமிழக அரசு வேலைகளில் 3 விழுக்காடு விளையாட்டு வீரர்களுக்கு. ரயில்வே, வருமான வரித்துறை, துணை ராணுவம் எல்லாவற்றிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு, மகன் மாதச் சம்பளக்காரன் ஆகும் ஒரே வழி அந்தத் தாள் என்றால், ஜிம் மாஸ்டர் நீட்டும் ஊசி எவ்வளவு கனமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊசி போட்டவனைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் மூன்று இடம்தான் இருக்கிறது. அவன் உள்ளே வந்தால், இன்னொரு கூலிக்காரரின் பிள்ளை வெளியே போகிறான். அவனும் இதே விடியலில்தான் எழுந்து ஓடினான்.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் என்ன நடந்தது என்பது நாடறிந்தது. அரங்கக் கழிவறையில் ஊசிகள் கிடக்கும் படம் வெளியே வந்தது. மறுநாள் சோதனைக்காரர்கள் வந்தார்கள். நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தின் எட்டுத் தடங்களில் ஒருவர் மட்டுமே நின்றார். பந்தயம் முடிந்த பிறகும் நிற்காமல், மாதிரி கேட்க வந்தவரிடமிருந்து தப்பிக்க ஓடிக்கொண்டே போன பெண்ணைப் பற்றியும் செய்தி வந்தது. உலக முகமையின் கணக்கில், 2024இல் இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260இல் தடைப்பொருள் இருந்தது. 24 ஆயிரத்துக்கும் மேல் எடுத்த சீனாவில் 43. சோதனையைக் கூட்டினோம், அதனால் அதிகம் தெரிகிறது என்ற விளக்கத்தை இந்த இரண்டாம் எண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தெருப் பையனுக்கு ஒருநாள் விளக்கிச் சொன்னேன். கூச்சத்தால் முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. சட்டையை நெஞ்சு வரை தூக்கி, கால்சட்டையை முழங்கால் வரை இறக்கி, அதிகாரி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க, குறைந்தது 90 மில்லி சிறுநீர் கொடுக்க வேண்டும். அதை அவன் கையாலேயே இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்ற வேண்டும், ஏ ஒன்று, பி ஒன்று. மூடியைத் திருகும்போது டக் டக் என்று பல் விழும் சத்தம் கேட்கும். ஒருமுறை விழுந்தால் பின்பக்கம் திருகவே முடியாது, உடைத்தால்தான் திறக்கும். புட்டியின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும். ஏ புட்டியில் ஏதாவது தெரிந்தால், ஆட்டக்காரர் கேட்கும் பட்சத்தில் அவர் கண் முன்னாலேயே பி புட்டியைத் திறப்பார்கள். பத்து ஆண்டு வரை வைத்திருந்து மறுபடியும் சோதிக்கலாம்.

ஆய்வகத்துக்குள் நடப்பதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். டெஸ்டோஸ்டிரோன் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. அப்படியானால் சுரந்தது எது, ஊசியில் வந்தது எது என்று எப்படிப் பிரிப்பார்கள்? கரியணுவில் எடை கூடிய ஒரு வகை உண்டு. கரும்பும் சோளமும் காற்றிலிருந்து அதைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்ளும். நெல்லும் சோயாவும் குறைவாக எடுக்கும். பாகூர்ப் பக்கம் ஒரே வாய்க்கால் தண்ணீரில் வளரும் நெல்லுக்கும் கரும்புக்கும்கூட இந்த வித்தியாசம் இருக்கும். மருந்துக் கம்பெனிகள் ஹார்மோனைச் செய்வது பெரும்பாலும் சோயா போன்ற செடியிலிருந்து. நம் உடம்பு செய்வது நாம் தின்ற எல்லாவற்றிலிருந்தும். ஒருவர் சாப்பிட்டுச் சுரந்ததன் கையெழுத்து அவருடைய மற்ற ஹார்மோன்களிலும் இருக்கும். அதே சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோனின் கையெழுத்து மட்டும் வேறாக இருந்தால், அது அவர் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல.

இந்தியா முழுவதற்கும் இப்படி அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் டெல்லியில் ஒன்றுதான். தரம் போதாது என்று 2019 ஆகஸ்ட் முதல் 2021 டிசம்பர் வரை அதன் அங்கீகாரமே நிறுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் செலவு ஆகிறது, அதனால் தேசியப் போட்டிகளுக்கும் பெரிய முகாம்களுக்கும்தான் சோதனைக்காரர்கள் முதலில் போகிறார்கள். சான்றிதழ் கொடுக்கும் சின்னப் போட்டிகளுக்கு, அதாவது பிள்ளைகளின் வாழ்க்கை உண்மையில் தீர்மானமாகும் இடத்துக்கு, அந்தப் பெட்டி பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. பேஸ்பாலும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. மேல்மட்ட லீகில் சோதனை இல்லாத காலத்தில்தான் ஃபோர்ட் மையர்ஸில் அந்த நால்வர் ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தடைப்பட்டியலில் அந்த இருமல் மருந்து ஏன் இருக்கிறது என்பதற்கு இப்போது அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். டெர்புடலினின் குடும்பத்து மருந்துகளை அதிக அளவில் கொடுத்தால் விலங்குகளில் தசை பெருக்கிறது. புட்டியில் எத்தனை மூடி குடித்தான் என்பதைச் சிறுநீர் துல்லியமாகச் சொல்லாது. ஒரு மூடிக்கு விலக்குக் கொடுத்தால் பத்து மூடி குடித்தவனும் அதே கதவு வழியாக வெளியே போவான். உண்மையிலேயே இழுப்பு நோய் இருந்தால் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே அனுமதி கேட்க வழி இருக்கிறது. சால்புடமால் போன்ற உறிஞ்சு மருந்தை வரம்புக்குள் எடுக்கவும் இடம் உண்டு. இருமல் வந்த எல்லோருக்கும் கஷ்டம்தான். அவனுக்குப் பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவனுக்காக அவன் படும் கஷ்டம் அது.

அன்று அவன் புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் போட்டி. நானும் போயிருந்தேன். முதல் சுற்றில் முன்னால்தான் இருந்தான். இரண்டாம் சுற்றின் வளைவில் இருமல் வந்தது. தோள் குலுங்கியது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நான்காவதாக வந்தான்.

புல்தரையில் உட்கார்ந்து ஸ்பைக் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே நிமிர்ந்து கேட்டான்: "முதல் மூணு பேருக்கும் டெஸ்ட் எடுப்பாங்களா மாமா?"

அரங்கைச் சுற்றிப் பார்த்தேன். மேசை போட்டுச் சான்றிதழில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு யாரும் வந்திருக்கவில்லை.